குனியாத மருமகள்

"குனியாதேம்மா. நிமிர்ந்து நில்லு."

பர்மாகான் மருமகளின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கூடத்தில் போர்சோக் என்ற பொரித்த ரொட்டித் துண்டை மென்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டு ஜூராவின் வாய் நின்றுவிட்டது.

கிர்கிஸ் வழக்கப்படி, புதிதாக வந்த மருமகள் பெரியவர்கள் ஒவ்வொருவர் முன்னும் மூன்று முறை இடுப்பை வளைத்து வணங்கியாக வேண்டும். கேட்காமல் வாய் திறக்கவும் கூடாது. வெள்ளை முக்காட்டுக்குள் நூர்ஜாட் பேசாமல் நின்றாள். அவளைக் கட்டிக்கொண்டு வந்த பர்மாகானின் மகன் வெளியே விருந்தாளிகளின் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன பர்மாகான், உன் மருமக இடுப்புல இரும்புக் கம்பியா சொருகியிருக்கு?" என்றார் தெமிர்குல். பர்மாகானின் இறந்துபோன கணவருக்கு அண்ணன்.

"இரும்பாவே இருக்கட்டும் பெரியவரே. அவ குனிய வேண்டாம்."

"தலைநகரம் பிஷ்கெக்ல படிச்ச பொண்ணு. நமக்கெல்லாம் குனிஞ்சா படிச்சது கொட்டிப் போயிடும்" என்றாள் ஜூரா.

"அவ குனியத்தான் வந்தா. தடுத்தது நான். திட்டறதுன்னா என்னைத் திட்டு ஜூரா, உனக்குத்தான் அது நல்லா வருமே."

தெமிர்குல் புளித்த குதிரைப்பால் குமிஸ் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். "காரணத்தைச் சொல்லு. இல்லேன்னா இந்த வீட்டு ரொட்டியை இனி நான் தொட மாட்டேன்."

அவர் தொடாத வீட்டில் அவர் வம்சத்தில் யாரும் தொட மாட்டார்கள். அது பர்மாகானுக்கும் தெரியும்.

"சொல்றேன். ரத்தம் ரத்தமாப் போற குடல் வியாதி. ஆறு வருஷம் ஸ்டீராய்டு மாத்திரை. குடலை ஆத்தின மாத்திரை எலும்பை அரிச்சுடுச்சு. ஸ்கேன்ல பார்த்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க, 'எலும்பு சல்லடையா இருக்கு. கால்சியம், வைட்டமின் டி விடாம எடுக்கணும். கனம் தூக்கக் கூடாது. இடுப்பை வளைச்சுக் குனியவே கூடாது, முதுகெலும்பு நொறுங்கிடும்'னு. போதுமா காரணம்?"

"அடிப் பாவி! சொத்தைப் பொண்ணை நம்ம தலையில கட்டிட்டாங்களே!" ஜூரா கன்னத்தில் கை வைத்தாள்.

"மறைச்சுட்டாங்க" என்றார் தெமிர்குல். "நாளைக்கே கொண்டுபோய் அவங்க வீட்ல விட்டுட்டு வா."

"மறைக்காம சொல்லியிருந்தா? உங்கள்ல யாரு பொண்ணு எடுத்திருப்பீங்க? கையைத் தூக்குங்க பார்ப்போம்!"

ஒரு கையும் எழவில்லை.

"அதனாலதான் மறைக்கிறாங்க. கேட்டுக்குங்க. இந்த வாசப்படிக்குள்ள இனி எந்தப் பொண்ணும் யார் முன்னாலயும் குனிய மாட்டா. அது பிடிக்கலேன்னா, அதோ கதவு."

தெமிர்குல் எழுந்தார். கூடவே கூடத்தில் பாதிப் பேர் எழுந்தார்கள்.

அப்போது முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பெரிய மாமா, போகாதீங்க. எங்க வீட்ல எதையும் மறைக்கல. எனக்கு ஒரு வியாதியும் இல்ல. போன மாசம்கூட காலேஜ் வாலிபால் டீம்ல ஆடினேன்."

ஜூரா பர்மாகானை ஏற இறங்கப் பார்த்தாள். தெமிர்குல் நெருங்கி வந்தார்.

"அப்ப இவ்வளவு நேரம் யாரைச் சொன்னே?"

"என் மக ஜிபாரை" என்றாள் பர்மாகான். "நிமோனியால அவ செத்துட்டான்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னது பொய். தலாஸ் ஊர்ல மாப்பிள்ளை வீட்ல அவ கல்யாணத்தன்னிக்கு, 'பயமா இருக்கும்மா'ன்னா. 'வியாதியைக் காட்டி மானத்தை வாங்காதே, குனி'ன்னு அவ காதுல சொன்னது நான்தான். முப்பத்தேழு பேருக்குக் குனிஞ்சா. அன்னிக்குப் படுத்தவ அப்புறம் எழுந்திருக்கவே இல்ல."

எழுந்து நின்றவர்கள் உட்காரவில்லை. வெளியே போகவும் இல்லை.