கோட்டின் தடிமன்

நிலத்துக்கடியில் எண்ணெய்ப் பாறை எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் கோடு போட வேண்டியவள் மலர்க்கொடி. கோடு படும் நிலத்திலும் அதற்கு உள்ளே வரும் நிலத்திலும் துளை போடுவார்கள். மேசைக்கு எதிரே கைகட்டி நின்ற சிங்காரவேலு, வரைபடத்தில் அவர்கள் இருவரின் ஊரைத் தேடினார்.

"நம்ம வயலு உள்ளயா, வெளியவாம்மா?"

"கோட்டுக்கு அடியில."

அவருக்குப் புரியவில்லை. பென்சில் கோட்டின் தடிமனே தரையில் அரைக் கிலோமீட்டர் என்று அவள் விளக்கினாள். கோடு ஒரு நூல் தள்ளி விழுந்தால் யாரும் கேட்கப் போவதில்லை என்பதையும் மறைக்கவில்லை. அவர் முகம் தெளிந்தது.

"அப்படின்னா, நம்ம வயலை விட்டுட்டுக் கொஞ்சம் சுத்திக்கிட்டுப் போகட்டுமே. உனக்கென்ன நட்டம்?"

மலர்க்கொடியின் கை நின்றது. அன்று தன் வயலோரச் சுடுகாட்டுப் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு, அவள் அம்மாவின் பாடைக்கு முன்னால் நின்று இவர் சொன்னதும் அதைத்தான்: "சுத்திக்கிட்டுப் போங்கடா." அடைமழை. இடுப்பளவுச் சேற்றில் பாடை சாய்ந்து, அம்மாவின் கை வெளியே தொங்கியது. இப்போதும் அதையே சொல்கிறோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"பென்சில் மொக்கையா இருக்கே, கொஞ்சம் கூரா சீவிக்கம்மா" என்றார் கெஞ்சலாக.

அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஊசிபோல ஆகும்வரை பொறுமையாகச் சீவினாள். பிறகு அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து, இருப்பதிலேயே தடித்த பேனாவைத் தேட ஆரம்பித்தாள்.