தங்கையின் துடிப்பு

பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போது ஜாதகம் கேட்பதில்லை. பல்கலைக்கழகம் தரும் இதயத் துடிப்பு அறிக்கையைக் கேட்கிறார்கள்.

என் மூத்த மகள் ஆதிரைக்கு அவ்வப்போது மயக்கம் வரும். நோயாளிப் பெண் இருக்கும் வீடு என்று எங்களை யாரும் சொல்லக் கூடாது. துடிப்பைப் பதிய பல்கலைக்கழகம் அனுப்பிய பட்டையை, ஆதிரைக்குப் பதிலாக இளையவள் நறுமுகையின் கையில் கட்டினேன்.

“அக்காவை டாக்டர்கிட்ட காட்டுங்கப்பா” என்றாள் அவள்.

“கல்யாணம் முடியட்டும்.”

கல்யாணம் எங்கள் தகுதிக்கேற்ப நடந்தது. மூன்றாம் மாதம் ஆதிரையின் இதயம் நின்றுபோனது. “குறையே இல்லைன்னு அறிக்கை சொன்னதே, மாமா” என்று மாப்பிள்ளை அழுதார்.

இந்த வாரம் நறுமுகையின் கல்யாணத்துக்காக அவளுடைய துடிப்பையே பதிந்து அனுப்பினேன். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் ஃபோனில் கேட்டாள்.

“ஐயா, எங்க பதிவேட்டுப்படி இது இறந்துபோன உங்க மூத்த பொண்ணோட துடிப்பு. பட்டையை யார் கையில கட்டினீங்க?”

நறுமுகை என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள்.