ஆறு மாதம் கழித்து வாருங்கள்

"ராவ் காரு, முதல்ல மீசையைத் துடைங்க. காஜாப் பாகு ஒட்டியிருக்கு."

ரத்தம் எடுக்கும் ரமணம்மா ஊசியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னாள். காமேஸ்வர ராவ் பதறிப்போய்க் கைக்குட்டையைத் தேடினார்.

"ஒண்ணே ஒண்ணுதான்மா..."

"மீசையில இருக்கறதே ரெண்டு காஜாவோட பாகு! வெறும் வயித்தோட வாங்கன்னா, மிட்டாய்க் கடை வழியாவா வர்றது?"

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதே. உனக்கும் ஒரு பொட்டலம் வாங்கியாந்திருக்கேன்."

"லஞ்சம் வேறயா!" என்று பொட்டலத்தை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, அவள் ஊசியைக் குத்தினாள்.

காக்கிநாடாவில் அத்தனை பேரும் சர்க்கரை இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள, ராவ் மட்டும் ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார். போன மாதம் டாக்டர் சிரீஷா சொன்னதுதான் காரணம்.

"அடுத்த தடவையும் நார்மலா இருந்தா, மாசாமாசம் வர வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்."

மற்றவர்களாக இருந்தால் அன்னவரம் போய் அர்ச்சனை செய்திருப்பார்கள். ராவுக்கோ தூக்கம் போய்விட்டது. மாணிக்யாம்பாவைப் பார்க்காமல் ஆறு மாதமா?

மனைவி இறந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது இந்தக் கிளினிக்கில், அவள் பேச்சைக் கேட்டுத்தான். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு, மறுபடி கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டிய இரண்டு மணி நேரம்தான் அவருக்குப் பண்டிகை. போன் நம்பர் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அந்தத் தைரியம் இருந்தால் அவர் ஏன் காஜாவை விழுங்கப்போகிறார்?

ஜன்னலோரம் மாணிக்யாம்பா பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். அவளும் கணவனை இழந்தவள். ராவைக் கண்டதும் டப்பாவைத் திறந்தாள்.

"தினை உப்புமா. பேசாம சாப்பிடுங்க."

"உங்களுக்கு?"

"எனக்கு ஆச்சு. ஏன் இப்படிக் காலை ஆட்டறீங்க? சிக்னல் விழலைன்னா ரயிலையே நிறுத்தி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த கார்டுதானே நீங்க?"

"அங்க பச்சை விழும்னு தெரியும். இங்க என்ன விழும்னு தெரியலையே!"

"கடிகாரத்தைப் பார்க்காதீங்க, ஆளுங்களைப் பாருங்க. அதோ, அந்தக் கட்டம் போட்ட சட்டை. என்ன வியாதி சொல்லுங்க?"

"ரத்தக் கொதிப்பு?"

"ஊஹூம். பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டி. அந்தம்மா தண்ணி குடிக்க எழுந்து போனப்போ மனுஷன் முகம் எப்படித் தெளிஞ்சுது பாருங்க."

ராவ் சிரித்ததில் உப்புமா புரையேறியது. அவள் தலையில் தட்டினாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருவருமே ஆட்களைப் பார்த்தார்கள்.

"ரிப்போர்ட்டை நினைச்சுக் கவலைப்படாதீங்க ராவ் காரு. இன்னிக்கு உங்களுக்கு நார்மலாத்தான் வரும்."

"அப்படிச் சொல்லாதீங்க!" என்று அலறிவிட்டார் ராவ்.

"ஏன்?"

"இல்ல... திருஷ்டி பட்டுடும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். ராவ் தொண்டையைக் கனைத்தார். "மாணிக்யாம்பா காரு, ஒருவேளை நான் அடுத்த மாசம் வரலைன்னா..."

"வரலைன்னா?"

"வரலைன்னா... இந்த நாற்காலியில வேற யாராவது உட்காருவாங்க, இல்ல?"

"ஆமா. நாற்காலின்னா யாராவது உட்காரத்தான் செய்வாங்க" என்று அவள் டப்பாவை அழுத்தி மூடினாள்.

ரமணம்மா கூப்பிட்டதும் ராவ் எழுந்து போனார். இரண்டாம் முறையும் ரத்தம் கொடுத்தார். ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் அறைக்குள் பலியாடு மாதிரி நுழைந்தார்.

டாக்டர் சிரீஷா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ராவ் காரு, எல்லாருக்கும் சாப்பிட்ட பிறகுதான் சர்க்கரை ஏறும். உங்களுக்குச் சாப்பிடறதுக்கு முன்னால ஏறி, சாப்பிட்ட பிறகு இறங்கியிருக்கு. என் படிப்புல இதுக்குப் பாடமே இல்ல. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"காத்து..."

"ராவ் காரு!"

"காஜா. ரெண்டு."

"ஏன்?"

"நார்மல்னா வர வேண்டாம்னுடுவீங்களே டாக்டரம்மா!" அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "வெளியே மாணிக்யாம்பான்னு ஒரு பேஷண்ட் இருக்காங்க. அவங்க பக்கத்துல உட்கார்ற ரெண்டு மணி நேரத்துக்காகத்தான் நான் மாசம் முழுக்கக் காத்திருக்கேன். இந்த வயசுல ஒரு பொம்பளைகிட்ட எப்படிக் கேட்கறது? கேட்டு அவங்க முகம் சுளிச்சிட்டா? அதுக்குச் சர்க்கரை ஏறுறதே மேல். ஏறட்டும்மா. மாத்திரை வேணும்னாலும் தாங்க, ஊசி வேணும்னாலும் போடுங்க. ஆறு மாசம் மட்டும் சொல்லாதீங்க."

டாக்டர் பேனாவை மூடினாள். அவள் கண்ணோரம் ஈரமாக இருந்தது, வாயோரம் சிரிப்பாக இருந்தது.

"அவங்களுக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு கேட்டிருக்கீங்களா?"

"அடுத்தவங்க ரிப்போர்ட்டைக் கேட்கறது மரியாதையா?"

"ரிப்போர்ட்டே கிடையாது. அவங்களுக்குச் சர்க்கரை வந்ததே இல்ல."

ராவ் திகைத்து நிற்க, டாக்டர் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். ஜன்னலோர நாற்காலியைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்:

"அம்மா, உள்ள வா! ஆறு மாசம்னு மிரட்டினாத்தான் இந்த மனுஷர் வாயைத் திறப்பார்னு நீ வீட்டுல சொன்னது சரியாப் போச்சு!"