படுகளத்தில் ஒரு நாற்காலி

"உக்கார மாட்டேன்" என்றார் சின்னக்கண்ணு.

வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில். கோயில் ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்து ஒரு டேபிள் ஃபேன்கூட வைத்திருந்தார்கள். எல்லாம் தர்மகர்த்தா தீனதயாளன் ஏற்பாடு.

"ஊரே பாக்குது, குந்துப்பா" என்றாள் மகள் மலர்விழி. "நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தது மறந்துபோச்சா? டாக்டர் இன்னா சொன்னாரு?"

"ரெஸ்ட்டுன்னாரு."

"அதத்தான் தர்மகர்த்தாவும் சொல்றாரு."

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்தின் கடைசி நாள். படுகளத்தில் மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மண்ணால் செய்ய வேண்டும். ஒரு லாரி நீளம் இருக்கும். மதியம் வீமன் வேஷக்காரர் வந்து தொடையைப் பிளந்துவிட்டால் வெறும் மண்தான். வருஷா வருஷம் அதற்காக மண் மிதித்து, குனிந்த முதுகு நிமிராமல் வேலை செய்தவர் சின்னக்கண்ணு. மற்ற நாளெல்லாம் கரும்பு வெட்டப் போகிற ஆள்.

தீனதயாளன் வந்தார்.

"மண்ணு போட ஆளுங்க இருக்காங்க. நீங்க வாயால சொன்னா போதுங்க. நம்ம சிவசங்கர் கேட்டுக்கினு செய்வான்."

சிவசங்கர் தர்மகர்த்தாவின் மகன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏற்கெனவே மண்ணில் இறங்கியிருந்தான்.

அவர் அந்தப் பக்கம் போனதும் சின்னக்கண்ணு முணுமுணுத்தார். "என்னிக்காவது என்ன 'நீங்க'ன்னு கூப்ட்டுக்கிறாரா இவரு?"

"மரியாத குடுத்தாலும் குத்தமாப்பா உனக்கு?"

அவர் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தபடியே துரியோதனனைச் செய்தார். "தோள ஏத்து தம்பி. இன்னும். ராஜா அவன். கரும்புக்கட்டு தூக்கறவனாட்டம் சரியக் கூடாது."

கொஞ்ச நேரம் கழித்து, "மீச இவ்ளோ கம்மியா வச்சா வீமன் சிரிச்சிடுவான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குரல் அடைத்தபோது மலர்விழி தண்ணீர் கொடுத்தாள். அவர் விரல்கள் மட்டும் மடியில் நிற்காமல் காற்றிலேயே துரியோதனனின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தன.

முகம் முடிகிற நேரத்தில் எழுந்துவிட்டார்.

"கண்ணு மட்டும் நான் வச்சுடறேன்."

தீனதயாளன் ஓடிவந்து தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? ஏம்மா, நீயே சொல்லு."

மலர்விழி சொன்னாள். "கண்ணு யாரு வச்சா இன்னாப்பா? இன்னும் செத்த நேரத்துல ஒடைக்கப் போறாங்க. உன் உசுரு போனா வருமா?"

சின்னக்கண்ணு அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு சிவசங்கர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இமைய மூடாத தம்பி. சாவறவன்தான், ஆனா இன்னும் ஒத்துக்காதவன். மேல பாக்கணும். இன்னும் தெற... ஆங், அதான்."

துரியோதனன் வானத்தைப் பார்த்தான். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மலர்விழி தீனதயாளனைத் தேடிப்போய்க் கை கூப்பினாள். "பெத்த அப்பாவாட்டம் பாத்துக்கினீங்கய்யா."

"இதுல இன்னாம்மா இருக்குது."

மேளம் முழங்கியது. பூசாரி தட்டில் மாலையும் பரிவட்டமும் எடுத்துக்கொண்டு வந்தார். ஊரில் முதல் மரியாதை அன்றைக்கு மட்டும் தர்மகர்த்தாவுக்கு இல்லை, சின்னக்கண்ணுவுக்கு. மற்ற நாளில் வாசலோடு நிற்கிறவர், தலையில் அந்த மஞ்சள் துணியோடு அம்மன் முன்னால் வரை போவார். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். எதற்காக அவருக்கு என்று மலர்விழி ஒருநாளும் யோசித்ததில்லை.

சின்னக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். பூசாரி அவர் கைகளைப் பார்த்தார். சுத்தமாக இருந்தன.

தட்டு அவரைத் தாண்டிப் போய், முழங்கை வரை ஈரமண்ணோடு நின்ற சிவசங்கர் முன்னால் நின்றது.

"ஐயா!" மலர்விழி தீனதயாளனிடம் ஓடினாள். "சொல்லிக் குடுத்தது பூரா எங்கப்பா..."

"இல்லன்னு யாரும்மா சொன்னா?" மகன் தலையில் பரிவட்டம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே அவர் நிதானமாகச் சொன்னார். "கண்ணு வச்ச கைக்குத்தான் குடுக்கறது. ஒருக்கா கை மாறிச்சுன்னா மாறனதுதான். இனிமே உங்கப்பன் வருஷா வருஷம் வூட்லயே நிம்மதியா ரெஸ்ட் எடுக்கட்டும்."