இருளாயியின் சாட்சி

"இருளாயிக்கு எண்பத்தாறு வயசுண்ணே. பல்லு ஒண்ணுகூட இல்ல. ஆனா பேச்சு இன்னும் கணீர்னு இருக்கு," என்றான் ஜெயபாலன்.

கேண்டீன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சன்னாசி, அவனுடைய கட்டுரையின் ஏழாம் பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். ஆசிரியராக வருவதற்கு முன் ஈப்போ நகரில் ஓர் அச்சகத்தில் பத்து வருடம் இருந்தவர். கையில் பென்சில் இல்லாமல் எதையும் படிக்க அவருக்கு வராது.

இரண்டு பேருமே ரப்பர் தோட்டப் பள்ளிகளில் தற்காலிக ஆசிரியர்கள். 1984-ஆம் வருட விடுமுறையை ஈப்போவில் பயிற்சி வகுப்பில் கழித்துக்கொண்டிருந்தார்கள். வரலாற்றுக் கட்டுரையை விரிவுரையாளர் சதாசிவத்திடம் கொடுப்பதற்கு முன், வகுப்பிலேயே ஒருவர் அதைப் படித்து, ஆதாரத்தைத் துருவி விசாரித்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத கட்டுரையை மனிதர் கையால் தொடமாட்டார்.

ஜெயபாலன் போன வருடம் இதே பாடத்தில் கோட்டை விட்டவன். இந்த முறையும் விட்டால் வேலைக்கே உலை.

கட்டுரை என்னவோ அருமையாகத்தான் வந்திருந்தது. லின்டேல் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். ஒரு நாள் இருட்டோடு இருட்டாக அந்தப் பெரட்டு மணியைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டாள் இருளாயி. மணி அடிக்காததால் ஒருத்தரும் பேர் கொடுக்கப் போகவில்லை. வெள்ளைக்காரத் துரையே ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கி வந்து பேச வேண்டியதாகிவிட்டது.

ஒரே ஒரு சங்கடம். ஜெயபாலன் இருளாயியைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

பள்ளி அலமாரியில் கிடந்த பழைய கோயில் குடமுழுக்கு மலர் ஒன்றில்தான் அவளைக் கண்டெடுத்தான். 1966-இல் வந்த மலர். எழுதியவர் பெயர் இல்லை, 'நம் நிருபர்' என்று மட்டும் போட்டிருந்தது. "மலர் கிலர் எல்லாம் செல்லாது, நேர்ல பாத்த ஆள் வேணும்," என்று சதாசிவம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். ஜெயபாலன் என்ன செய்தான், மலரில் இருந்த அறுபத்தெட்டு வயதோடு பதினெட்டைக் கூட்டினான். 'நேர்காணல், மே 12' என்று அடிக்குறிப்பும் போட்டு ஒரே மூச்சில் எழுதி முடித்தான்.

"எந்த லயத்துல இருக்காங்க?" சன்னாசி நிமிராமலே கேட்டார்.

"கோயிலுக்குப் பின்னால, கடைசி லயம்."

"தனியாவா?"

"இல்லண்ணே, மகளோட." அந்த மகளை அவன் அந்த நிமிடம்தான் உண்டாக்கினான்.

"மகளுக்கு என்ன பேரு?"

ஜெயபாலன் கோப்பியை எடுத்து நிதானமாக ஒரு மடக்குக் குடித்தான். "செல்லாயி."

சன்னாசி பென்சிலை மேசைமேல் வைத்தார். "ஜெயபாலா, நெஜமாவே நீ அவங்கள நேர்ல பாத்தியா?"

அந்தக் கேள்வி கேட்ட விதத்திலேயே அவனுக்குச் சந்தேகம் தட்டியது. இந்த மனிதருக்கு இருளாயியைத் தெரிந்திருக்கிறது. ஒருவேளை சொந்தமாகக்கூட இருக்கும். ஏன் அந்தக் காலத்து ஆட்களைப் பற்றி இவரிடம் முன்னாலேயே கேட்டு வைக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"ஆமாண்ணே," என்றவன் கோப்பியைக் கீழே வைத்தான். வகுப்பில் முப்பது பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று தினமும் படித்துப் படித்துச் சொல்கிறவன் அவன். வெட்கமாக இருந்தது, நிஜமான வெட்கம்.

"பாக்கலண்ணே," என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "கோயில் மலர்ல படிச்சேன். வயசு, மக, தேதி எல்லாம் நானே போட்டுக்கிட்டேன்."

சன்னாசியின் காதுமடல் இரண்டும் சிவந்து போயிருந்தன. கோபம்தான் என்று ஜெயபாலன் நினைத்தான்.

"அண்ணே, ரெண்டு நாள் பொறுங்க லா. நாளைக்கு மொத பஸ்ல லின்டேலுக்குப் போறேன். அந்தம்மா கால்ல விழுந்தாவது நேர்ல கேட்டு, ஒண்ணு விடாம ஒழுங்கா எழுதிட்டு வாரேன். அப்புறம் கையெழுத்துப் போடுங்க. இது இல்லன்னா எனக்கு ரொம்ப சுசா, பெரிய கஷ்டமாப் போயிடும்."

சன்னாசி கட்டுரையை மூடி அவன் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

"போகாத," என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "போயும் புண்ணியம் இல்ல."

ஜெயபாலன் கட்டுரையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். பார்க்காத மனுஷிதான், ஆனாலும் மூன்று வாரமாக அவளோடுதானே குடித்தனம் நடத்தினான்.

"ஏண்ணே, செத்துட்டாங்களா?"

சன்னாசி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து அவன் காதோடு சொன்னார்.

"பொறக்கவே இல்லப்பா. மலர்ல ரெண்டு பக்கத்துக்கு விளம்பரம் வரல, நான்தான் எழுதி நெரப்புனேன்."