கழட்டிக் கொடுத்த கம்மல்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, ஜெர்மன் சிறையிலிருந்து அமீர் ஜான் மட்டும் பழவேற்காட்டுக்குத் திரும்பினான். தன்னோடு கப்பலில் போய்ப் பிடிபட்ட தேசப்பன் எப்படிச் செத்தான் என்று சொல்ல, அவன் தாய் செல்வம்மாளிடம் போனான்.

அவள் காது மூளியாகக் கிடந்தது.

“கம்மல் இன்னா ஆச்சு பெரீம்மா?”

“குண்டு போடற ஏரோப்பிளேன் வாங்கணும்னு சர்க்கார் ஆளுங்க ஊர் ஊரா வந்து கேட்டாங்க நைனா. ஜெர்மன்காரன் ஏரோட்ரோமை ஒடச்சா நம்ம புள்ளைங்க சீக்கிரம் வந்துடும்னாங்க. கழட்டிக் குடுத்துட்டேன். குண்டு குறி தப்பாம வுழுந்துச்சா?”

“வுழுந்துச்சு பெரீம்மா.”

“அது போதும். எம்புள்ள எப்படி நைனா போனான்?”

ஜெர்மன்காரனின் அந்த விமானத் தளத்தில் கைதிகள் குண்டு விழுந்த குழிகளை மூடிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே வந்ததைப் பார்த்து, “நம்ம பிளேன்டா!” என்று தேசப்பன் எழுந்து கையாட்டியது அமீரின் கண்முன் வந்தது.

“காய்ச்சல் பெரீம்மா.”