உர்ஹோவின் ஜிப்

ரைலிக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. அப்படிப்பட்டவள் திடீரென்று போன் பண்ணி, "சனி ஞாயிறு ரெண்டு நாளும் கயாக்ல சுத்திட்டு வருவோமாடி? நாம ரெண்டு பேர் மட்டும்" என்று கூப்பிட்டபோதே ஹெல்காவுக்குச் சந்தேகம் தட்டியது. ரைலி பள்ளிக்கூடத்துச் சிநேகிதிதான். ஆனால் ஊர்ப் போலீஸ்காரியும் அவள்தான்.

மாட்டேன் என்று சொல்லவும் பயம். போன வருடம் நடுக்கோடைத் திருவிழாவின்போது ஹெல்காவின் புருஷன் உர்ஹோ சைமா ஏரியில் மூழ்கிச் செத்தான். விபத்து என்று எழுதி அந்தக் கேஸை மூடியவள் ரைலி. மூடியதைத் திறக்கத்தான் கூப்பிடுகிறாளோ?

வாடகைக்கு எடுத்த கயாக் ஒல்லியான துடுப்புப் படகு; ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள். "நீ முன்னால உட்காரு. நான் பின்னால இருந்து திருப்பிக்கிறேன்" என்றாள் ரைலி. முதுகுக்குப் பின்னால் போலீஸை வைத்துக்கொண்டு ஹெல்கா துடுப்புப் போட்டாள்.

சனிக்கிழமை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு ஏரிகளைக் கடந்து, குறுகலான ஆற்றுக்குள் புகுந்து, ஒரு தீவில் கூடாரம் அடித்து சாசேஜ் சுட்டுத் தின்றார்கள். ரைலி கொசுவைத் தவிர வேறு எதையும் பற்றிப் பேசவில்லை. ஞாயிறு காலை பெரிய ஏரியின் நட்டநடுவுக்கு வந்ததும் துடுப்பை மடியில் வைத்தாள்.

"உர்ஹோவோட ஜிப் திறந்திருந்துச்சுல்ல?"

ஹெல்கா திரும்பிப் பார்க்காமல் துடுப்பை இன்னும் அழுத்திப் போட்டாள்.

"ஆமா. நீதானே எழுதின? படகுல நின்னு ஒண்ணுக்குப் போனான், தவறி விழுந்துட்டான்னு."

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் பின்லாந்து ஆண்கள் நடுக்கோடைத் திருவிழாவை அப்படித்தான் கொண்டாடுகிறார்கள். ஒரு பெட்டி பீரைக் காலி செய்துவிட்டு, படகில் எழுந்து நின்று, ஏரிக்கே தண்ணீர் வார்க்கிற பெருமையில் தலைகுப்புற விழுவார்கள். வருடா வருடம் எவனாவது ஒருத்தன். ஜிப் திறந்திருந்தால் போதும், போலீஸ் வேறெதையும் நோண்டாது. அடக்கத்துக்கு வந்தவர்கள் "தங்கமான மனுஷன்" என்று மூக்கைச் சிந்திவிட்டு கேக் சாப்பிடப் போய்விடுவார்கள். உர்ஹோவையும் அப்படித்தான் சொன்னார்கள். குடித்தால் பெண்டாட்டி மேல் கை நீட்டுகிற தங்கம்!

"எல்லாம் சரிதான்டி" என்றாள் ரைலி. "ஆனா அவன் கையில வலை இழுக்கிற ரப்பர் கையுறை இருந்துச்சு. ரெண்டு கையிலயும். அத்தனை தடிமனான கையுறையோட எவன்டி ஜிப்பைத் திறப்பான்?"

"அதை நீ ரிப்போர்ட்ல எழுதலையே..."

"எழுதல. கழட்டி எடுத்து நானே வச்சிருக்கேன்."

ஹெல்கா துடுப்பை நிறுத்தினாள். "போன்ல பதிவு பண்றியா?"

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. அணைத்து வைத்த போனை ஹெல்காவின் மடியில் போட்டது.

"நீயே வச்சுக்க. ஒரு வருஷமா நான் இதையேதான்டி நினைச்சுக்கிட்டிருக்கேன். எங்கிட்டயாவது உள்ளதைச் சொல்லு."

அவ்வளவுதான், ஹெல்கா உடைந்து போனாள்.

"ஆமாடி, நான்தான்! குனிஞ்சு வலையை இழுத்துக்கிட்டிருந்தான். பின்னாலேருந்து ரெண்டு காலையும் தூக்கிவிட்டேன். அவன் தொப்பையே மிச்சத்தைப் பாத்துக்கிச்சு. எல்லாம் அடங்கினப்புறம் படகோரமா இழுத்து ஜிப்பைத் திறந்தேன். அந்தப் பதற்றத்துல கையுறை என் கண்ணுல படவே இல்ல. இருபத்தெட்டு வருஷம் வாங்கினேன், ஒரே ஒரு தடவை திருப்பிக் கொடுத்தேன். போதுமா?"

இரண்டு கைகளையும் முதுகுப் பக்கமாக நீட்டினாள். "மாட்டு விலங்கை. ஜெயில்லயாவது நிம்மதியாக் கிடக்கிறேன்."

விலங்கு வரவில்லை. பிளாஸ்க்கின் மூடி திருகும் சத்தம் கேட்டது. சூடான காபி ஒரு கோப்பையில் அவள் கைக்கு வந்தது.

"அழாம இதைக் குடி. அடுத்த வெள்ளிக்கிழமை திருவிழாவுக்கு நான் லீவு போட்டிருக்கேன். எனக்குப் பதிலா வர்றவன் நகரத்து ஆளு, ஒண்ணு விடாம ஆராய்வானாம்" என்ற ரைலி, சுற்றிலும் தண்ணீரைத் தவிர யாருமில்லாதபோதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரன் எஸ்கோ பட்டன் வச்ச பேன்ட்தான்டி போடுவான். எத்தனை பட்டன் திறந்திருந்தா நம்புவாங்க?"